காற்றின் மேல் புகார் கொடுத்தவர்

கீழே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். என் வீட்டுக்காரியின் தலையில் அடித்துச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தலையைத் தரமாட்டேன் என்று அவள் உள்ளே போய்விட்டாள். ஆகவே என் தலையிலேயே அடித்துச் சொல்கிறேன். வழுக்கை என்பதால் சத்தம் நன்றாகவே கேட்டது.

இறந்தவர்களைப் பற்றிப் பொய் சொல்வதில்லை என்பது என் கொள்கை. இருக்கிறவர்களைப் பற்றி அப்படி ஒரு கொள்கை எனக்கு இல்லை. இருந்தால் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

நான் சொல்லப்போகிற மனிதரை எங்கள் தெருவில் பட்டாளம் என்போம். இள வயதில் பட்டாளத்தில் இருந்தார். அங்கிருந்து வந்து தபால்காரர் ஆனார். முடி நரைத்து, பை தொங்கித் தொங்கித் தோளில் பள்ளம் விழுந்து, ஓய்வு பெறும்வரை எங்கள் தெருவுக்கு அவர்தான் தபால் கொடுத்தார். போன மாதம் போய்ச் சேர்ந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். யாரும் கதவை உடைக்க வேண்டாம் என்று தாழ்ப்பாளை எடுத்துவிட்டிருக்கிறார். பிறகு படுத்திருக்கிறார், அவ்வளவுதான். கடைசியிலும் யாருக்கும் வேலை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவர் மகள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரில் பாதிப் பேரை எலும்புவரைக்கும் பார்த்தவள். கையில் ஒரு பழுப்பு உறை. முகத்தில், தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிய களைப்பு.

என் வீட்டுக்காரி நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிவிட்டு அவளை உட்கார வைத்தாள்.

"அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்க அத்தை. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

வீட்டுக்காரி மோவாயில் கை வைத்து நன்றாக யோசித்தாள்.

"நல்ல மனுஷன்மா. வருவாரு. தபாலைக் கொடுப்பாரு. போவாரு."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்களுமா அத்தை? முதல் வீட்லயும் இதைத்தான் சொன்னாங்க. தையல்கடைக்காரரும் இதைத்தான் சொன்னாரு. வருவாரு, கொடுப்பாரு, போவாரு. ஒரு ஆயுசுக்கு இது போதுமா?"

நான் அப்போதுதான் உள்ளறையில் எழுந்து, ஜன்னலின் கறுப்புத் திரையை விலக்கிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். துண்டோடு வெளியே வந்தேன்.

"என்னம்மா சங்கதி? முதல்லேர்ந்து சொல்லு."

சொன்னாள். கடைவீதிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதில் ஒரு ஹால் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு. அடுத்த ஹால் தபால்காரர் ஓய்வூதியர் சங்கத்துக்கு. நடுவில் ஒரு சுவர். பட்டாளம் இரண்டிலும் உறுப்பினர். அவர் படத்தை மாட்டி நினைவுக் கூட்டம் நடத்தப்போவதாக இரண்டு சங்கமும் சொல்கின்றன. படைவீரர் சங்கம் கேட்பது பட்டாளச் சீருடைப் படம். தபால் சங்கம் கேட்பது காக்கிச் சட்டையும் பையுமாக இருக்கும் படம். ஆள் ஒருவர்தான், ஆகவே ஓர் இடத்தில்தான் தொங்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு சங்கத்துக்கும் ஒற்றுமை. இந்தப் பக்கம் மாட்டினால் அந்தப் பக்கத்தார் வரமாட்டார்கள். மகள் எந்தப் படத்தைக் கொடுக்கிறாளோ அதுதான் முடிவு. கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் இன்றைக்குக் கடை மூடுவதற்குள் பதில் கேட்டிருக்கிறார். கூட்டம் நாளைக் காலை.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கோபம் வரும், அவ்வளவுதானே?" என்றேன்.

"அவங்க கோபத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்ல மாமா. அப்பா மனசுல தன்னை யாரா நினைச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியல. அதான் கவலை. வீட்ல பேசவே மாட்டாரு. தப்பான படத்தை மாட்டிட்டேன்னா, வேற யாரோ ஒருத்தரை மாட்டின மாதிரி ஆயிடும்."

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். போன வருஷம், எந்தப் படம்ப்பா உங்களுக்குப் பிடிக்கும்னு கேட்டேன். 'எதுவா இருந்தாலும் நேரா மாட்டு'ன்னாரு."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. எனக்கு யார் அழுதாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அது பிறவிக் கோளாறு.

"கண்ணைத் துடைச்சுக்கோ. உங்கப்பாவை எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்தத் தெருவுல யாருக்குத் தெரியும்? நம்ம வாசல்ல, அதோ அந்தக் கம்பிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு, எத்தனை நாள் என்கூடப் பேசியிருக்காரு!"

என் வீட்டுக்காரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு நான் பல வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நேராகப் பார்க்காமல் இருந்தால் ஒன்றும் செய்யாது.

"சொல்லுங்க," என்றாள். "நானும் கேட்டுக்கிறேன். நம்ம வாசல்ல எனக்குத் தெரியாம என்னென்ன நடந்திருக்குன்னு."

நான் பட்டாளத்துக் கதையிலிருந்தே ஆரம்பித்தேன். அவருக்கு அங்கே மலைமேல் இருக்கும் சாவடிகளுக்குத் தபால் கொண்டுபோகிற வேலை. இடுப்பளவு பனி. ஒரு நாள் பையைப் பிரித்தால், ஒரு கடிதத்தில் எதிரி நாட்டுச் சிப்பாய் ஒருவனின் முகவரி. மலைக்கு அந்தப் பக்கத்துச் சாவடி. அவன் அம்மா எழுதியது எப்படியோ வழிதவறி இந்தப் பைக்குள் வந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் கிழித்துக் குளிர்காய்ந்திருப்பான். இவர் மேலே ஏறி, மறுபக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டார். வழியெல்லாம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்.

"பனியில சைக்கிளா?" என்றாள் பெண்.

"சைக்கிள் ஏது? மணி மட்டும்தான். சட்டைப் பையில வெச்சிருந்தாரு. மணி அடிச்சுக்கிட்டு வர்றவனைச் சுட யாருக்கும்மா கை வரும்? அந்தப் பயலைத் தேடிப் பிடிச்சு, கையெழுத்து வாங்கிட்டுக் கடுதாசியைக் கொடுத்தாரு. அவனுக்குப் படிக்கத் தெரியாது. இவரே உட்கார்ந்து படிச்சுக் காட்டினாரு."

"அவங்க பாஷை அப்பாவுக்குத் தெரியுமா?"

"அம்மா எழுதுற கடுதாசிக்குப் பாஷை எதுக்கு? சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா, ரெண்டே கேள்விதானே! அவன் ஸ்வெட்டர் போடல. போடற வரைக்கும் நகர மாட்டேன்னு உங்கப்பா அங்கேயே நின்னுட்டாரு. மறுநாள்லேர்ந்து மணிச் சத்தம் கேட்டா அந்தப் பக்கமும் சுடறதை நிறுத்திடுவாங்க. தங்களுக்கு ஏதாவது வந்திருக்கான்னு எட்டிப் பார்ப்பாங்க. மேலதிகாரி கூப்பிட்டுக் கிழி கிழின்னு கிழிச்சாரு. உங்கப்பா சொன்ன பதில் ஒண்ணுதான். 'முகவரி சரியா இருந்துச்சு சார்.'"

பெண்ணின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அது அப்பா சொல்ற மாதிரிதான் இருக்கு," என்றாள்.

"அந்த மலையில நானும் இருந்தேன்!" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

நின்றவர் படைவீரர் சங்கச் செயலாளர். கேப்டன் என்று கூப்பிடுவோம். பட்டாளத்தில் அவர் இருந்தது சமையல் கிடங்கில்; கேப்டன் பதவியை ஓய்வு பெற்ற பிறகு தானாக எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் தபால் சங்கச் செயலாளர். அவர் கவுண்டரில் உட்கார்ந்து தபால்தலை விற்றவர். எதிலாவது ஒட்டிக்கொண்டால் பிய்க்க முடியாது என்பதால் அவரை ஸ்டாம்பு என்போம். பெண் வீடு வீடாக விசாரிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒருவரை நம்பி ஒருவர் விடாமல் ஒரே வண்டியில் ஏறி வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கியிருக்கிறார்கள்.

"அந்தச் சிப்பாய்க்குப் பட்டாளம் டீ கொண்டுபோனாரு இல்ல, அது நான் போட்ட டீ," என்றார் கேப்டன்.

டீ என்று ஒன்று கதையில் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் வந்தவரைப் பொய்யராக்குவது என் வழக்கமில்லை. "ஆமா, சூடா இருந்துச்சுன்னு சொன்னாரு," என்றேன்.

"கேட்டியாம்மா? எதிரிக்குக்கூடத் துணிஞ்சு போய்க் கொடுத்தாரு. அது பட்டாளத்து ரத்தம். சீருடைப் படத்தைக் கொடு."

"இருங்க சார், இருங்க," என்று ஸ்டாம்பு குறுக்கே வந்தார். "கொண்டுபோனது என்ன? குண்டா? கடுதாசி. அப்பவே அவர் எங்க ஆளு. உங்ககிட்டத் தற்காலிகமா இருந்திருக்காரு."

"தற்காலிகமாவா! யோவ், என் பொறுமையைச் சோதிக்காத."

"உங்க பொறுமையைச் சோதிக்க அது இருந்தாத்தானே."

நான் கையை உயர்த்தி இருவரையும் உட்காரச் சொன்னேன். இருந்தது ஒரே பெஞ்சு. இருவரும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்; நடுவில் இன்னொரு சங்கமே உட்காரலாம்.

"நாய் விஷயத்தைச் சொன்னா தெளிவாயிடும்," என்றேன்.

எங்கள் தெருவின் நாய்கள் சாமானியப்பட்டவை இல்லை. பட்டாளத்துக்கு முன் இருந்த தபால்காரர் மாற்றல் கேட்டு எழுதிய மனுவில் காரணம் என்ற இடத்தில் கிழிந்த கால்சட்டையைத்தான் இணைத்திருந்தார். பட்டாளம் வந்த முதல் நாள், மூலை வீட்டுச் செவலை நாய் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. அவர் கல்லை எடுக்கவில்லை, கம்பை எடுக்கவில்லை. அடிக்குரலில், "அட்டென்ஷன்," என்றார். செவலை நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றுவிட்டது. மழைக்காலம் வருவதற்குள் தெருவில் இருந்த அத்தனை நாயும் அவர் வரும் நேரத்துக்கு உயரப்படி வரிசையில் நிற்கும். தையல்கடை வாசலில் கிடக்கும் நொண்டி நாய்க்கு மட்டும் விதிவிலக்கு. அது படுத்தபடியே வாலால் சல்யூட் அடிக்கலாம். காது மடங்கிய நாய் எதுவும் அணிவகுப்பில் நிற்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். அதற்காகவே பக்கத்துத் தெரு நாய் ஒன்று ராத்திரியெல்லாம் காதைச் சுவரில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தது.

"இதையெல்லாம் நீங்க நேர்ல பார்த்தீங்களா மாமா?"

"வாசல்ல நின்னு, இந்த ரெண்டு கண்ணால."

என் வீட்டுக்காரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். ஆனால் கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

"நாய்க்கு அட்டென்ஷன் சொல்லணும்னா அதுக்குப் பட்டாளத்துக் குரல் வேணும்," என்றார் கேப்டன்.

"நாயே வேணும்னா அதுக்குத் தபால் வேலை வேணும்," என்றார் ஸ்டாம்பு. "உங்க முகாம்ல எத்தனை நாய் இருந்துச்சு? உங்க சாப்பாட்டுக்கு எந்த நாய் வரும்?"

அடுத்ததாக நான் காற்றின் கதையைச் சொன்னேன். அது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஏனோ யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. பட்டாளம் தெரு நடுவில் வந்தபோது சுழன்று ஒரு காற்று அடித்தது பாருங்கள், அவர் பையின் வாயைத் திறந்து மொத்தத் தபாலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடிதமெல்லாம் கொக்குக் கூட்டம் மாதிரி மேலே வட்டமிடுகின்றன. வேறு யாராக இருந்தாலும் பின்னால் ஓடியிருப்பார்கள். அவர் நின்ற இடத்தில் நின்று, மேலே பார்த்து, "விலாசத்தைப் பார்த்துப் போடு," என்றார். காற்று போட்டது. தையல்கடைக்காரருக்கு வந்தது தையல் மிஷின்மேல் விழுந்தது. எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டு ஜன்னல் வழியாக வந்து என் மடியில் உட்கார்ந்தது. பதிவுத் தபால் ஒன்று மட்டும் கையெழுத்து வாங்காமல் இறங்கமாட்டேன் என்று கூரைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்து, வீட்டுக்காரர் வெளியே வந்த பிறகுதான் இறங்கியது. ஆனால் ஒரே ஒரு கடிதத்தைக் காற்று தப்பான வீட்டில் போட்டுவிட்டது. பட்டாளம் அந்த வீட்டுக்குப் போய் அதை வாங்கி, சரியான வீட்டில் கொடுத்தார். பிறகு நேராக ஆபீசுக்குப் போய்க் காற்றின் மேல் புகார் எழுதிக் கொடுத்தார்.

கேப்டன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இது தங்கள் எல்லைக்குள் வராத கதை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஸ்டாம்பு முதுகை நிமிர்த்தினார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் புகாரை வாங்கினது நான்தான்," என்றார். "என் கவுண்டர்லதான் கொடுத்தாரு. முத்திரை குத்தி மேலே அனுப்பினேன்."

"என்ன ஆச்சு?" என்றார் கேப்டன், தன்னை மறந்து.

"விசாரணையில இருக்கு."

எக்ஸ்ரே பெண் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அப்பா போன துக்கத்தில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிவு சொல்லுங்களேன். கடையை மூடிடுவாரு. அப்பா இதுல எது? பட்டாளமா, தபாலா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் கதை சொல்லிவிட்டேன், இரண்டும் சமமாகப் போய்விட்டது. பெஞ்சின் இரண்டு ஓரத்திலிருந்தும் நான்கு கண்கள் என்மேல். உள்ளே கதவருகில் இன்னும் இரண்டு. சொல்வதற்கு வேறு எதுவும் தோன்றாதபோது காதில் இருப்பதைச் சொல்ல வேண்டியதுதான்.

"அவர் பூட்ஸைப் பத்திச் சொல்றேன்," என்றேன். "இடது குதிகால்ல லாடம் கொஞ்சம் கழண்டிருக்கும். வலது கால் 'டொக்'ன்னா இடது கால் 'டொக்-டிங்'. தெருமுனையிலேயே கேட்டுடும். பட்டாளத்துல கொடுத்த பூட்ஸ் அது. அதையே போட்டுக்கிட்டுத்தான் தபாலும் கொடுத்தாரு. அடிப்பாகம் மாத்தி, கயிறு மாத்தி, கடைசியில பழசுன்னு மிஞ்சினது மேல்தோலும் லாடமும்தான். ரிட்டயர் ஆன மறுநாள் அவர் காபி குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, பூட்ஸ் தானாக் கிளம்பிடுச்சு. நம்ம வாசல் வழியாத்தான் போச்சு, உள்ளே கால் இல்லாம. ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் நின்னு நின்னு போச்சு. செவலை முன்னால வழி காட்டிட்டுப் போகுது. பின்னாலேயே உங்கப்பா, வெறுங்காலோட மூச்சிரைக்க ஓடி வந்து, 'சும்மா இருக்க விடுதா பாருங்க'ன்னாரு. அன்னையிலேர்ந்து தினமும் காலைல அவர் அதைப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து வருவாரு. பூட்ஸுக்காக."

இதை நான் சும்மா சொன்னேன். ஆனால் பெண்ணின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. உறையைப் பிரித்து இரண்டு படத்தையும் எடுத்து மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் முழு உருவப் படங்கள். ஒன்றில் மீசை அரும்பிய இளைஞர், தோளில் பட்டை. இன்னொன்றில் நரைத்த தலை, தோளில் பை. ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொன்றாக விளக்குக்கு நேராகத் தூக்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இடது கால் முனையில ஒட்டு," என்றாள் மெதுவாக. "இதுலயும் இருக்கு. இதுலயும் இருக்கு. மாமா, இது இப்பவும் எங்க வீட்டு வாசல்ல இருக்கிற பூட்ஸ். தினமும் காலைல அதைப் போட்டுக்கிட்டு எங்கேயோ போய்ட்டு வருவாரு. எங்கேன்னு சொன்னதே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாள் முழுதும் பேசியிருக்கிறேன். சொன்ன ஒன்று இப்படி எழுந்து வந்து எதிரில் நின்றதில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கேப்டனும் ஸ்டாம்பும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து தலையை நீட்டியதில் இருவருக்கும் நெற்றி முட்டிக்கொண்டது. இரண்டு படத்திலும் அதே பூட்ஸ். அதே ஒட்டு.

"சட்டைதான் மாறியிருக்கு," என்றாள் பெண். மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் குரலே வேறு மாதிரி ஆகிவிட்டது. நோயாளியிடம் அசையாதே, மூச்சைப் பிடி என்று சொல்கிற குரல் போலிருந்தது. "சின்ன வயசுல அப்பாகூட வந்தப்ப, உங்க ரெண்டு ஹாலுக்கும் நடுச் சுவர்ல டீ கிளாஸ் நீட்டுற ஜன்னல் ஒண்ணு இருந்துச்சே, இப்ப இருக்கா?"

"அதைப் பலகை அடிச்சு மூடி ரொம்ப வருஷமாச்சு," என்றார் கேப்டன்.

"யார் மூடினது?"

கேப்டன் ஸ்டாம்பைக் காட்டினார். ஸ்டாம்பு கேப்டனைக் காட்டினார். நாற்காலி கடன் கேட்டதில் வந்த சண்டை. யார் கேட்டது, யார் கொடுக்கவில்லை என்பதில் இன்னும் தெளிவில்லை.

"பலகையைப் பிடுங்குங்க. ஒரே சட்டம். ரெண்டு பக்கமும் கண்ணாடி. ரெண்டு படமும் முதுகோட முதுகா. அந்த ஜன்னல்ல தொங்கட்டும். இந்தப் பக்கம் பட்டாளம், அந்தப் பக்கம் தபால். சம்மதம்னா ரெண்டு பேரும் இப்பவே என்கூடக் கடைக்கு வாங்க. இல்லன்னா எங்க வீட்லயே மாட்டிக்கிறேன். கூட்டமே வேண்டாம்."

கேப்டனும் ஸ்டாம்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆணியை எந்தப் பக்கச் சுவர்ல அடிக்கிறது?" என்றார் ஸ்டாம்பு.

"மேல் கட்டையில அடிங்க. அது யார் பக்கமும் இல்ல."

"அந்தப் பக்கம் மின்விசிறி காத்து ஜாஸ்தி. படம் ஆடும்," என்றார் கேப்டன்.

"ஆடினா காத்துமேல புகார் கொடுங்க," என்றாள் பெண்.

மூவரும் கிளம்பிப் போனார்கள். இந்த முறை கேப்டனும் ஸ்டாம்பும் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார இடம் கேட்டுப் பெண் ஏறியதால் மறுபடி பிரிந்தார்கள்.

மறுநாள் கூட்டம் காலையில். காலை எனக்குச் சரிப்படாத நேரம், ஆனாலும் வீட்டுக்காரி முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிக் கூட்டிப்போனாள். இரண்டு ஹாலும் நிறைந்திருந்தன. பலகை பிடுங்கப்பட்டிருந்தது. ஜன்னலில் பட்டாளம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு தொங்கினார். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போய் ஒருமுறை பார்த்தார்கள். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வந்து பார்த்தார்கள். போய் வந்த வேகத்தில் நாற்காலிகளும் இடம் மாறிவிட்டன.

என்னைப் பேசச் சொன்னார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு ஹாலுக்கும் கேட்கும்படி மலை, நாய், காற்று, பூட்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் தையல்கடைக்காரர் எழுந்தார். அவர்தான் முந்தின நாள் மூன்றே சொல்லில் முடித்தவர்.

"அந்தக் காத்து போட்ட கடுதாசி என் மிஷின்மேல விழுந்துச்சுன்னு சொன்னாரே, அது உண்மை," என்றார். "விழுந்த வேகத்துல ஊசி ஓடி, உறையோட ஓரத்தை மடிச்சுத் தைச்சுடுச்சு. இன்னமும் வெச்சிருக்கேன்."

அப்புறம் ஒருவர் விடாமல் எழுந்தார்கள். மூலை வீட்டுக்காரர், தன் செவலை நாய் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அணிவகுப்புக்குப் போகாது என்றார். இஸ்திரி போடுகிறவர், பட்டாளத்தின் சட்டைக்கு மடிப்புப் போட்டால் பெட்டி தானாக நேர்கோட்டில் ஓடும் என்றார். வருவாரு, கொடுப்பாரு, போவாரு என்று சொன்ன வாய்கள்தான் எல்லாம். கேப்டன் தான் போட்ட டீயில் எத்தனை ஏலக்காய் என்றுவரை சொன்னார். ஸ்டாம்பு, விசாரணை முடியும் தருவாயில் இருப்பதாக அறிவித்தார். பெண் ஜன்னலடியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக் கதையையும் கேட்டுக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் நாற்காலியில் ஏறி, சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து இம்மியளவு தள்ளினாள்.

"நேரா இருக்கா மாமா?"

"தபால்காரர் பக்கம் நேரா இருக்கு. பட்டாளம் பக்கம் அதைவிட நேரா இருக்கு."

இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் மாமா அவரைப் பார்த்திருக்கீங்க. வேற யாருமே பார்க்கல."

"இந்த ரெண்டு கண்ணால," என்றேன்.

இத்தனை விவரம் சொன்னவன் என் வேலையைச் சொல்லாமல் விடக் கூடாது: ஐஸ் கம்பெனியில் ராத்திரிக் காவல். பட்டாளம் எங்கள் தெருவுக்கு வந்த அத்தனை வருடமும், அவர் வருகிற நேரத்தில், கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.